தோகுரா வீட்டில் அடுப்பு கிடையாது

"அடுப்பைக் காணோங்க!"

கிமியே கூடத்தின் நடுவில் நின்று கத்தினாள். நேற்று வரை மண்ணெண்ணெய் அடுப்பு நின்றிருந்த இடத்தில், பாயின் மேல் சதுரமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

"காணாமப் போகல. பின்கட்டுல இருக்கு. நான்தான் தூக்கி வெச்சேன்," என்றார் தோகுரா யொஷினாரி, கண்ணாடியை விட்டுத் திரும்பாமல்.

"சூட்டு மேசை?"

"அதுவும்தான்."

கிமியேவுக்கு நம்ப முடியவில்லை. அடியில் மின்சூடும் மேலே மெத்தைப் போர்வையுமாக இருக்கும் அந்தத் தாழ்வான மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டுதான் அவள் கணவர் நவம்பரிலிருந்து மார்ச் வரை காலம் தள்ளுவார். பத்திரிகை, சாப்பாடு, மத்தியானத் தூக்கம் எல்லாம் அங்கேதான். வாசலில் தபால்காரர் கூப்பிட்டால்கூட எழுந்திருக்க மாட்டார்.

"என்னங்க, இன்னும் ஒரு மணி நேரத்துல சம்பந்தி வீட்டுக்காரங்க வந்துடுவாங்க. ஜனவரி மாசம். கூடத்துல மூணு டிகிரி. ஏதாவது புத்தியோடதான் பண்றீங்களா?"

"அவங்க எந்த ஊரு?"

"அசாஹிகாவா."

"ஹொக்கைதோ தீவுலயே குளிர் அதிகமான ஊரு. அந்த மனுஷன் போன்ல என்ன சொன்னார்?"

கிமியே பெருமூச்சு விட்டாள். பத்து நாளாக இதை நாற்பது தடவை கேட்டாகிவிட்டது. பையனின் அப்பா நுமாதா கென்ஸோ, மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர், போனில் உரக்கச் சிரித்துக்கொண்டே சொன்னது இவ்வளவுதான்: "கியோத்தோவா? அங்க ஜனவரியிலகூட தண்ணி உறையாதாமே! எங்க ஊர்ல அதுக்குப் பேரு வசந்தம், வாத்தியாரய்யா!"

வாத்தியாரய்யா சிரிக்கவில்லை. தோகுரா குடும்பம் அதே தெருவில் அதே வீட்டில் ஏழு தலைமுறையாக இருக்கிறது. கோயில் நிர்வாகத்துக்கு எழுத்து வேலை பார்த்த குடும்பம். பூகம்பத்துக்கும் பஞ்சத்துக்கும் அசையாத வீட்டை ஒரு மாட்டுக்காரர் தெர்மாமீட்டரை வைத்து மட்டம் தட்டுவதா? அதைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். ஆனால் அந்த வீட்டுக்கு அவருடைய ஒரே மகள் வாழப்போகிறாள். 'குளிர் தாங்காத வீட்டுப் பொண்ணு' என்று ஒரு தடவை பேர் விழுந்துவிட்டால், அவள் அங்கே தும்மினால்கூடப் பேச்சாகும். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் அப்பன் முதல் நாளே நடுங்கி உட்காரக் கூடாது. இதில் அவருக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

"குளிர்னா என்னன்னு அவங்க நமக்குச் சொல்ல வேண்டாம். அடுப்பு பின்கட்டுலயே இருக்கும்," என்றார்.

மகள் சியோரி உள்ளே வந்தாள். இருபத்தொன்பது வயது. ஒரு கால்பந்துக் குழுவில் சுளுக்கும் தசைப்பிடிப்பும் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட்.

"அப்பா, போன வருஷம் பார்க்க வந்தவங்க பாதி டீயிலயே எழுந்து போனாங்க. ஞாபகம் இருக்கா?"

"அந்தம்மா கிண்ணத்தைப் பிடிச்ச அழகு அப்படி. சொல்லித்தானே ஆகணும்?"

"எனக்கு கோஹெய்யை ரொம்பப் பிடிச்சிருக்குப்பா. இந்தச் சம்பந்தம் கெட்டுப்போச்சுன்னா..."

"அப்பாகிட்ட பேசவே மாட்டேன்னு சொல்லப் போற."

"இல்ல. பேசுவேன். தினமும் காலையில இருந்து பேசுவேன்."

தோகுராவின் கை கழுத்துமடிப்பில் ஒரு கணம் நின்றது.

இருந்தாலும் அவர் ஒன்றும் விவரமில்லாத மனிதர் அல்ல. முப்பத்து நான்கு வருஷம் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவர். வெப்பம் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாளே மருந்துக்கடையில் ஒட்டுச்சூட்டுப் பட்டை ஒரு பெட்டி வாங்கி ஒளித்து வைத்திருந்தார். உள்ளங்கையளவு பை, அதற்குள் இரும்புத்தூள், உப்பு, கரி, கொஞ்சம் ஈரம். உறையைக் கிழித்துக் காற்றுப் பட்டதும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். ஒரு பழைய இரும்பு வேலி ஐம்பது வருஷமாக மெதுவாக விடுகிற வெப்பத்தை இது பன்னிரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும். பனியன் மேல் ஒட்டிக்கொண்டால் போதும்.

ஒன்று ஒட்டினால் போதும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அவர் பதினொன்று ஒட்டினார். முதுகில் ஐந்து, வயிற்றில் இரண்டு, தோளுக்கு ஒன்றாக இரண்டு, காலுறைக்குள் இரண்டு. அதன் மேல் உள்ளாடை, அதன் மேல் பட்டுக் கிமோனோ, அதன் மேல் கருப்புப் பட்டு மேலங்கி.

இடைக்கச்சை கட்டிவிட வந்த கிமியே இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"புதுவருஷப் பலகாரம் நல்லாவே ஒட்டியிருக்கு போல."

"பேசாம கட்டு."

பதினோரு மணிக்கு வாசல் மணி அடித்தது.

நுமாதா கென்ஸோ கதவை நிறைத்துக்கொண்டு நின்றார். பின்னால் அவர் மனைவி, மாப்பிள்ளைப் பையன் கோஹெய், கல்லூரியில் படிக்கும் பையனின் தங்கை ரின். நால்வரும் மரியாதைப்படி வாசலிலேயே கோட்டுகளைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

கூடத்துக்குள் காலை வைத்ததும் நுமாதா ஒரு நொடி நின்றார். நான்கு மூலைகளையும் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

அடுப்பு இல்லாததைக் கவனித்துவிட்டார் என்று தோகுராவுக்கு உள்ளுக்குள் இனித்தது.

"அடக்கமான கூடம்," என்றார் நுமாதா கடைசியில். "ரொம்ப... காத்தோட்டமா இருக்கு."

"ஏழு தலைமுறையா இப்படித்தான். எங்களுக்குப் பழகிப்போச்சு."

எல்லாரும் மண்டியிட்டு நேராக உட்கார்ந்தார்கள். கிமியே டீ கொண்டுவந்து வைத்தாள். நுமாதாவின் மனைவி கிண்ணத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே இருந்தாள். தோகுரா கவனித்தார். கிண்ணம் பிடிக்கத் தெரிந்த குடும்பம். முதல் மதிப்பெண்.

"வழியில பனி இருந்ததா?"

"எங்க ஊர்ல மைனஸ் இருபத்தஞ்சு. விமானம் ஏறறப்போ மூக்குமுடி உறைஞ்சுது," என்றார் நுமாதா. "இங்க இறங்கினா அப்படியே..." வசந்தம் என்று சொல்லப்போகிறார் என்று தோகுரா முதுகை இன்னும் நிமிர்த்தினார். நுமாதா வார்த்தையை விழுங்கிவிட்டு, "டீ இன்னொரு கிண்ணம் கிடைக்குமா?" என்றார்.

மூன்றாவது கிண்ணம் வரும்போது தோகுராவுக்கு ஒரு விஷயம் புரிய ஆரம்பித்தது. இரும்பு ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் மூன்றடுக்குப் பட்டு அந்தச் சூட்டை வெளியே விடவில்லை. முதுகில் ஐந்து இஸ்திரிப் பெட்டிகளை வரிசையாக வைத்ததுபோல் இருந்தது. கழுத்திலிருந்து ஒரு துளி வியர்வை புறப்பட்டு, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலும் நின்று நின்று இறங்கியது.

"மாமா, உங்க முகம் சிவந்திருக்கே?" என்றாள் ரின்.

"இந்த வீட்டு நிறம் அது," என்றார் தோகுரா.

பட்டைகளைப் பிய்த்து எறிய வேண்டும். அதற்கு இடைக்கச்சையை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் திரும்பக் கட்ட கிமியேவுக்கு அரைமணி ஆகும். பெண் பேச உட்கார்ந்த அப்பன் அரைமணி காணாமல் போக முடியுமா? முடியாது. வெளியிலிருந்துதான் குளிர்விக்க வேண்டும்.

"எங்க தோட்டத்தைப் பார்க்கலையே நீங்க!" என்று எழுந்து, தோட்டத்துப் பக்கத்துக் காகிதக் கதவுகளை இரண்டு பக்கமும் தள்ளினார். பிறகு அதற்கு வெளியே இருந்த கண்ணாடிக் கதவுகளையும் தள்ளினார்.

பனிக்காற்று விருந்தாளி மாதிரி நேராக உள்ளே வந்து உட்கார்ந்தது.

"அப்பா!" என்றாள் சியோரி.

"அழகு," என்றார் நுமாதா. அவருடைய மேல்பல்லும் கீழ்ப்பல்லும் லேசாகத் தட்டிக்கொண்டன. "அந்தக் கல்லு... அழகு."

"கல்லை மூடியிருக்கிற பனியைப் பாருங்க," என்று தோகுரா திறந்த கதவருகே நின்று காற்றை நெஞ்சில் வாங்கினார். அடடா, என்ன சுகம்! இரண்டு நிமிஷம் அப்படியே நின்றார். திரும்பிப் பார்த்தபோது நான்கு விருந்தாளிகளும் தோட்டத்தைப் பார்க்கவில்லை. அவருடைய தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா," என்று ரின் மெதுவாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "அவர் மேல இருந்து ஆவி வருது."

தோகுரா கண்ணை உயர்த்தினார். உண்மைதான். கொதிக்கிற தலையில் வியர்வை ஆவியாகி, மூன்று டிகிரிக் காற்றில் பட்டுப் புகையாக எழும்பிக்கொண்டிருந்தது. காதுகளிலிருந்து தனித்தனியாக இரண்டு சரடு. எந்த மாணவனைக் கேட்டாலும் காரணம் சொல்லியிருப்பான். ஆனால் அங்கே மாணவன் யாரும் இல்லை.

நுமாதா கைகளைப் பாயில் ஊன்றினார். "வாத்தியாரய்யா, இது தியானப் பயிற்சியா?"

உண்மையைச் சொல்ல அது ஒன்றுதான் சந்தர்ப்பம். தோகுரா மகளைப் பார்த்தார். ஏழு தலைமுறையை நினைத்தார்.

"சின்ன வயசுல இருந்து," என்றார்.

நுமாதா மனைவியிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவள் கண்கள் அகன்றன. "நான் சமையல்கட்டுல வந்து பாத்திரம் கழுவித் தரட்டுமா? வெந்நீர்ல?" என்று எழப் பார்த்தாள்.

"விருந்தாளி நீங்க, உக்காருங்க," என்று கிமியே அவளைத் தோளில் தொட்டு உட்காரவைத்தாள்.

சமையல்கட்டைச் சோதிக்கப் பார்க்கிறார்கள் என்று தோகுரா எச்சரிக்கையானார். ஆனால் முதலில் இந்த ஆவியை நிறுத்த வேண்டும். வீட்டு வரலாற்று ஏட்டை எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

சியோரியின் வேலைப்பை கூடத்துக்கு அடுத்த அறையில் இருந்தது. அடிபட்ட ஆட்டக்காரர்களுக்கு அவள் வைக்கும் குளிர்ப்பைகள் அதில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். உள்ளே தண்ணீர் ஒரு பையிலும் யூரியா மணிகள் அதைச் சுற்றியும் இருக்கும். குத்தினால் தண்ணீர்ப்பை உடையும். மணிகள் கரையும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். இரும்பு கொடுக்கும், யூரியா எடுக்கும். கணக்கு நேராகிவிடும்.

குளிர்ப்பை ஒன்றைத் தரையில் வைத்து முஷ்டியால் குத்தினார். உடையவில்லை. இன்னொரு குத்து. மூன்றாவதாக உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு ஒரு குத்து. வீடு அதிர்ந்தது; உள்ளிருந்த தண்ணீர்ப்பை உடைந்தது.

"என்னங்க பண்றீங்க?" என்று கிமியே கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "அங்க அவங்க, 'உள்ள யாரையாவது அடிக்கிறாரா'ன்னு பயந்துபோய்க் கேட்கறாங்க!"

"கிமியே, முதுகு வேகுது. பதினொரு பட்டை ஒட்டியிருக்கேன்."

கிமியே அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகத்தில் இரக்கம் வரவில்லை. "அடுப்பை எடுத்து ஒளிச்சுட்டுப் பதினொண்ணா? நான் ஏழுதான் ஒட்டியிருக்கேன்."

"நீயுமா?"

"சியோரி ஆறு. போங்க, போய் உக்காருங்க."

குளிர்ப்பையைக் கிமோனோவின் நெஞ்சுமடிப்புக்குள் செருகிக்கொண்டு, பழைய ஏட்டைக் கையில் பிடித்தபடி தோகுரா திரும்பிவந்தார். முதல் நிமிஷம் சுகமாக இருந்தது. இரண்டாவது நிமிஷம் நெஞ்செலும்பு வலித்தது. ஐந்தாவது நிமிஷம் முதுகில் மத்தியானச் சித்திரை வெயிலும் நெஞ்சில் பனிப்பாறையும் வைத்துக்கொண்டு, மூன்றாம் தலைமுறை எழுத்தர் கோயில் தேரை எண்ணெய் தடவிப் பாதுகாத்த கதையை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே குரல் எம்பியது.

"சாக்கே கொஞ்சம் சூடு பண்ணி எடுத்துட்டு வரட்டுமா?" என்று கிமியே அரிசி மதுக் குப்பியைக் காட்டிக் கேட்டாள்.

நுமாதா, மனைவி, கோஹெய் மூன்று பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள்.

சோதனை! என்று தோகுராவுக்கு மூளையில் மணி அடித்தது. "இந்த வீட்டுல சாக்கேயைச் சூடு பண்ற வழக்கம் இல்ல. பச்சையாத்தான்."

நுமாதாவின் தோள்கள் இறங்கின. பண்ணையில் முரட்டுக் காளைகளைப் பிடித்துக்கட்டிய அந்த மனிதர், குளிர்ந்த சாக்கேயைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே வாயில் குடித்தார். அவர் மனைவி தன் கிண்ணத்தைத் தொடவே இல்லை. கோஹெய் வாயைத் திறந்தான். அப்பா அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். அவன் மூடிக்கொண்டான்.

பிறகு நுமாதா கைகளை முன்னால் வைத்து, சம்பிரதாயமாகச் சொன்னார்: "எங்க பையனுக்கு உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கோம். குறை இருந்தா பொறுத்துக்கணும்."

சொல்லிவிட்டு நெற்றி பாயில் படக் குனிந்து வணங்கினார்.

தோகுராவும் குனிய வேண்டிய நேரம். தோகுரா குடும்பம் அரைகுறையாகக் குனிந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் முழுதாகக் குனிந்தார். நெற்றி பாயைத் தொட்ட அதே நொடியில் நெஞ்சில் பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. குளிர்ப்பை வெடித்துவிட்டது.

உறைபனித் தண்ணீர் நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. பக்கவாட்டில் ஓடி முதுகையும் தோளையும் மண்டியிட்டிருந்த காலுறைகளையும் தொட்டது. பட்டைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் இரும்புத்தூளுக்குக் காற்று கிடைக்காது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றாக அணைந்தன. இரண்டே நிமிஷத்தில், பதினோரு பட்டைகளும் பதினோரு ஈரக் களிமண் உருண்டைகள் ஆயின. இப்போது நனைந்த பட்டிலிருந்து ஈரம் ஆவியாகும்போதெல்லாம் அவர் உடம்பிலிருந்து மிச்சமிருந்த சூட்டையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

நிமிர்ந்தபோது மடிப்பிலிருந்து வெள்ளை மணிகள் சில பாயில் சிதறின. நுமாதா ஒன்றை விரலால் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மண்ணோடு வாழ்கிற மனிதர்.

"இது யூரியா மாதிரி இருக்கே, வாத்தியாரய்யா?"

"தோ... தோட்டத்துக்கு," என்றார் தோகுரா.

"நெஞ்சுலயே வெச்சிருக்கீங்களா?"

"ம... மறந்துடக் கூடாதுன்னு."

அவ்வளவுதான் பேச முடிந்தது. தாடை பூட்டிக்கொண்டது. நுமாதா பெண் கேட்டுக் காத்திருக்கிறார். பதில் சொல்ல வேண்டிய அப்பன் வாயைத் திறந்தால் பல் தட்டும். தட்டினால் ஏழு தலைமுறையும் போச்சு. பேசாவிட்டால் சம்பந்தம் போச்சு. நுமாதாவின் முகம் வாடத் தொடங்கியது. கோஹெய் தலைகுனிந்தான். சியோரியின் கண்ணில் நீர் திரண்டது. அதுவும் உறைந்துவிடுமோ என்று தோகுராவுக்குப் பயமாக இருந்தது.

அப்போது ஒரு பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

ரின் தன் தோள்பையிலிருந்து ஒரு சதுர அட்டைப்பெட்டியை எடுத்து மடியில் வைத்திருந்தாள். ரயில் நிலையங்களில் விற்கிற, நூலை இழுத்தால் தானே சூடாகிற சாப்பாட்டுப் பெட்டி.

"ரின்!" என்று அவள் அம்மா அடிக்குரலில் சீறினாள். "அடுத்தவங்க வீட்டுல, இந்த நேரத்துலயா? என்ன வளர்ப்புன்னு கேட்க மாட்டாங்க?"

"அம்மா, எனக்கு விரலே தெரியல..." என்று ஆரம்பித்த ரின் அம்மாவின் முகத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டாள். "பசிக்குது."

அந்தப் பெண்ணின் நகங்கள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. தோகுரா அதைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அதன் அடியில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். சுட்ட சுண்ணாம்பும் ஒரு பை தண்ணீரும். முப்பத்து நான்கு வருஷமாக வகுப்பறைக்குள் காலை வைத்ததும் வருகிற குரல், தாடையைத் தானாகவே திறந்துகொண்டு வந்தது.

"அந்தப் பெட்டியை நடுவுல வைம்மா. எல்லாரும் நெருங்கி உக்காருங்க. இதை ஒரு செய்முறையா பார்க்கலாம்."

எல்லாரும் திகைத்துப் பார்த்தார்கள். கோஹெய்தான் முதலில் நகர்ந்தான். ரின் நூலை இழுத்தாள். உள்ளே சுர்ரென்று ஒரு சத்தம். ஓரங்களிலிருந்து வெண்மையான ஆவி கிளம்பியது. மாட்டு நாக்கு வறுவலின் வாசம் கூடத்தில் பரவியது.

"சுண்ணாம்பு தண்ணியைக் குடிக்கும்போது வெப்பத்தை விடுது. கண்ணால பார்த்தா போதாது. கையால உணரணும். கையை நீட்டுங்க. இன்னும் கிட்ட. நுமாதா ஐயா, நீங்களும். அம்மா, ரெண்டு கையும்."

ஏழு பேரின் பதினான்கு கைகள் ஒரு சாப்பாட்டுப் பெட்டியைச் சுற்றி நெருக்கியடித்தன. நுமாதாவின் உள்ளங்கை முறம் மாதிரி இருந்ததால் மற்றவர்கள் கொஞ்சம் இடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"எத்தனை நேரம் வரும் இது?" என்று நுமாதா கேட்டார். இவ்வளவு மென்மையான குரல் அவரிடம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

"எட்டு நிமிஷம். அதுக்கப்புறம் சுண்ணாம்பு தீர்ந்துடும்."

"அப்ப சீக்கிரம் பேசிடுவோம், வாத்தியாரய்யா. பொண்ணைக் கொடுக்கறீங்களா?"

"கொடுத்தாச்சு," என்றார் தோகுரா. பல் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. "பையன் நல்ல பையன். முதல் ஆளா நகர்ந்து வந்தான்."

"மார்ச்சுல மாடுங்க கன்னு போடும். பிப்ரவரி கடைசியில, எங்க வீட்டுல வெச்சுக்கலாமா?"

"பிப்ரவரி கடைசி."

"நீங்க ரெண்டு பேரும் பத்து நாள் எங்களோட தங்கணும். ஓட்டல்ல விட மாட்டேன்."

"பத்து நாள்," என்று தோகுரா தலையசைத்தார். அந்த ஆவிக்கு முன்னால் யார் என்ன கேட்டிருந்தாலும் அவர் ஒத்துக்கொண்டிருப்பார்.

ஆறாவது நிமிஷத்தில் கல்யாணம் முடிவாகிவிட்டது. மிச்சம் இரண்டு நிமிஷத்தில் பெட்டியில் இருந்த நாக்கு வறுவலை ஏழு பேரும் ஒரு துண்டு ஒரு துண்டாகப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். சியோரி அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நனைந்த கிமோனோவின் கையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவர் இன்னும் இரண்டு குளிர்ப்பைகளைக்கூட உடைத்திருப்பார்.

டாக்ஸி வந்தது. விருந்தாளிகள் வாசலில் கோட்டுகளை மாட்டிக்கொண்ட வேகம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. மற்றபடி எல்லாம் முறைப்படி நடந்தது. நுமாதா தோகுராவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்ல," என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அவர்கள் ஏறிக்கொண்டதும் தோகுரா கதவுத்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயித்துவிட்டார். வடக்குச் சீமைக்காரர்கள் முன்னால் தோகுரா வீடு அடுப்பில்லாமல் மூன்று மணி நேரம் நின்று காட்டிவிட்டது. அங்கே போய் இறங்கும்போது சியோரியை ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

"கிமியே," என்று பல் தட்டக் கூப்பிட்டார். "அ...அடுப்பு."

"பின்கட்டுல இருந்து நீங்களே தூக்கிட்டு வாங்க."

அப்போது டாக்ஸியின் பின்கதவு திறந்தது. ரின் இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"மாமா! நீங்க அங்க வந்து எப்படிச் சமாளிப்பீங்களோன்னு கவலையே படாதீங்க! எங்க வீட்டுல குளிர்காலம் முழுக்க ராப்பகலா அடுப்பு எரியும், நாங்கல்லாம் அரைக்கைச் சட்டையோட உக்காந்து ஐஸ்கிரீம் தின்னுட்டு இருப்போம். ஆனா உங்க குடும்பத்துக்குச் சூடே ஆகாதுன்னு தெரிஞ்சுபோனதால, நீங்க தங்கற பத்து நாளும் வீட்டுல ஒரு அடுப்புகூட எரியக் கூடாதுன்னு அப்பா இப்பவே ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டார்!"